பத்தாவது உறை

"இது போங்காட்டம்!" என்று காகிதத்தை மேஜைமேல் போட்டார் ப்ரொஃபசர் ஜினா மொரெல்லி.

எதிரே மாணவன் எரிக் ஹால்வர்சன் நின்றிருந்தான்.

போங்காட்டமேதான். இன்ஜினீயரிங் பிள்ளைகளுக்குச் சொந்தத் தொழில் தொடங்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு அது. புத்தகம் கிடையாது, பரீட்சை கிடையாது. அட்டை, பலகை, பசை என்று கைக்குக் கிடைத்ததை வைத்து ஒரு சாமானுக்கு மாதிரி செய்ய வேண்டும். பத்துப் பேரிடம் கொடுத்துப் பயன்படுத்தச் சொல்ல வேண்டும். அவர்கள் கருத்தை எழுதி உறையில் போட்டு ஒட்டித் தருவார்கள். உறையைப் பிரிக்கும் உரிமை ப்ரொஃபசருக்கு மட்டும்.

பத்துக் கருத்தும் செல்லுபடியானால்தான் வெள்ளிக்கிழமை கண்காட்சிக்குள் கால் வைக்கலாம். கண்காட்சி இல்லையென்றால் பாடம் ஃபெயில். மே மாதம் பட்டமும் இல்லை.

விதி ஒன்றே ஒன்றுதான்: அம்மா சொன்னது செல்லாது.

"எந்த அம்மா பிள்ளை செஞ்சதைக் குறை சொல்லுவா? நான் காகிதக் கப்பல் விட்டாக்கூட எங்கம்மா அதுல டிக்கெட் எடுப்பா" என்று முதல் நாளே சொல்லிவிட்டார் ஜினா.

இப்போது பத்தாவது காகிதத்தின் அடியில், கொட்டை எழுத்தில், 'பெட்சி ஹால்வர்சன்' என்று கையெழுத்து.

"ஹால்வர்சன்... யாருப்பா இது, அத்தையா, சித்தியா?"

"அம்மாதான் மேடம்."

"வெட்கமா இல்லை? மத்த ஒன்பது பேரும் எவ்வளவு அழகா எழுதியிருக்காங்க! இன்னும் ஒரே ஒரு ஆள் கிடைக்கலையா உனக்கு? இதோ பாரு, 'வித்தியாசமா இருக்கு.' 'வித்தியாசமான யோசனை.' 'ரொம்பவே வித்தியாசம்.' ஒன்பது பேரும் ஒரே குரல்ல பாராட்டியிருக்காங்க!"

எரிக் தலையைச் சொறிந்தான். "மேடம், நீங்க நியூ ஜெர்சியிலேர்ந்து வந்து எத்தனை மாசம் ஆச்சு?"

"மூணு. அதுக்கென்ன இப்போ?"

"இது மினசோட்டா மேடம். இங்கே யாரும் மூஞ்சிக்கு நேரா நல்லா இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. 'வித்தியாசமா இருக்கு'ன்னா சகிக்கலைன்னு அர்த்தம்."

ஜினாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்போ, 'ரொம்பவே வித்தியாசம்'னா?"

"குப்பையில தூக்கிப் போடுன்னு அர்த்தம்."

ஜினா மெல்ல நாற்காலியில் சாய்ந்தார். அவருடைய புது முடிவெட்டைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி போன வாரம் இதே வார்த்தையைத்தான் சொன்னாள். பூரித்துப்போய் அவளுக்குக் கேக் வேறு கொடுத்தனுப்பியிருந்தார். அந்தக் கேக்கை நினைத்தால் இப்போது வயிறு எரிந்தது.

"சரி, உங்கம்மா மட்டும் என்ன பெரிசா எழுதிக் கிழிச்சிருக்காங்க?" என்று காகிதத்தை எடுத்தார்.

எரிக் செய்திருந்தது ஒரு தாங்கி. இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ் என்னும் பதார்த்தத்தை, சர்ச் விருந்துக்குக் காரில் சிந்தாமல் கொண்டுபோக.

ஜினா உரக்கப் படித்தார்.

'முதல் திருப்பத்துலயே கால்வாசி உருளைக்கிழங்கு சீட்டுக்கு அடியில போயிடுச்சு. ஆவி பட்டு அட்டை ஊறிப் போச்சு. கொக்கியைக் கழட்ட ரெண்டு கட்டைவிரலும் வேணும். இந்த ஊர்க் குளிர்ல, கையுறை போட்ட கையால எப்படிக் கழட்டறது? இதைச் செஞ்ச பையன் வாழ்க்கையில ஒருநாளாவது ஒரு தட்டைத் தூக்கி வெச்சிருப்பானா?'

ஜினா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அம்மா எழுதினதா இது? மாமியார் எழுதின மாதிரி இருக்கு!"

"செஞ்சது நான்னு அம்மாவுக்குத் தெரியாது மேடம். என் ஃபிரண்டு ட்ராவிஸ் செஞ்சதுன்னு சொல்லிட்டேன். என் பேரைச் சொல்லியிருந்தா, பிரமாதம்டா கண்ணான்னு கன்னத்தைக் கிள்ளியிருப்பாங்க. ட்ராவிஸ்னதும் கார்லயே வெளுத்து வாங்கிட்டாங்க."

"அம்மாகிட்டயே பொய் சொன்னியா?"

"உண்மை வரணும்ல மேடம்!" என்று பையிலிருந்து புதிய மாதிரியை எடுத்து வைத்தான். "அவங்க சொன்னதையெல்லாம் மாத்திட்டேன். அட்டைக்குப் பதிலா பலகை. கொக்கிக்குப் பதிலா பெரிய வளையம். நீங்களே பாருங்க."

ஜினா தன் தடிமனான கையுறைகளை மாட்டிக்கொண்டு வளையத்தை இழுத்தார். ஒரே இழுப்பில் திறந்துகொண்டது. மூடினார். மறுபடி இழுத்தார். அவருக்கே அதை விட மனசில்லை.

"நல்லா இருக்குப்பா" என்றார். சட்டென்று ஒரு சந்தேகம் வந்தது. "நல்லா இருக்குன்னா, நல்லா இருக்குன்னுதான் அர்த்தம். பத்தும் செல்லும். வெள்ளிக்கிழமை வந்து சேரு."

எரிக் துள்ளிக் குதித்தான். கதவருகே போனவன் திரும்பி, "பாவம் மேடம் எங்கம்மா! நான் சொன்னதை அப்படியே நம்பிட்டாங்க. ட்ராவிஸ் மனசு நொந்துட்டானான்னு தினமும் விசாரிக்கறாங்க" என்று சிரித்துக்கொண்டே ஓடினான்.

காகிதத்தைக் கோப்பில் வைக்கப்போன ஜினா, பின்பக்கத்திலும் ஏதோ எழுதியிருப்பதைப் பார்த்துத் திருப்பினார்.

'டீச்சருக்கு மட்டும்: இதை ட்ராவிஸ் செஞ்சதா என் பையன் சொல்றான். இதுலயும் பசை வழியுது. எதை ஒட்டினாலும் அரை பாட்டில் பசையைக் கொட்டற என் பிள்ளையை ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து பார்த்துட்டு வர்றேன், எனக்கா தெரியாது? எனக்குத் தெரியும்னு மட்டும் அவன்கிட்டச் சொல்லிடாதீங்க. அம்மா தனக்குப் பண்ற உபதேசம்னு தெரிஞ்சா, காதுலயே போட்டுக்க மாட்டான்.'