பொதுச்சுவர்

புறநகரில் வரிசை வீடுகளின் விலை ஏறியிருந்ததால் வேதவல்லி தன் வீட்டை விற்க முடிவு செய்தாள். பார்க்க வந்த தம்பதியில் கணவர், பக்கத்து வீட்டுக்கும் பொதுவான சுவரை விரல் மடக்கித் தட்டினார்.

“ரொம்ப மெல்லிசா இருக்கே. விலையைக் குறைச்சுக்கணும்.”

சுவருக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு நூர்ஜஹானின் குரல் வந்தது. “டீ தானே வேதா? கொதிச்சிட்டிருக்கு. எத்தனை பேரு?”

வந்தவரின் மனைவி சுவரருகே போய், “மூணு பேரு! எனக்குச் சர்க்கரை தூக்கலா!” என்று கத்தினாள். பிறகு கணவரிடம், “சொன்ன விலைக்கே வாங்கிடுவோம்,” என்றாள்.

வேதவல்லி சுவரில் கை வைத்தபடி நின்றாள்.

“மன்னிச்சுக்கங்க. நான் விக்கல. டீ குடிச்சிட்டுப் போங்க.”

அப்பால் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

“அப்ப பஜ்ஜியும் போடறேன்!”