குடோனுக்குள் ஒரு புற்று

"அம்மா, உள்ள நாகம் குடி வந்திருக்குதுங்க. இனி இந்தச் சுவத்துல கடப்பாரை பட்டா நமக்கு ஆகவே ஆகாதுங்க!"

ரத்தினவேல் மேஸ்திரி பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் பத்து வருஷமாகப் பாழடைந்து கிடந்த அரிசி குடோன் அது. நடுக்கூடத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு செம்மண் புற்று. யாரோ மஞ்சள், குங்குமம்கூட வைத்துவிட்டார்கள்.

இடிக்க வந்த ஜேசிபி டிரைவர் ஜடையன் செருப்பைக் கழற்றிவிட்டுப் புற்றை மூன்று சுற்று சுற்றினான். "மேடம், எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. ஆளை விடுங்க" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போயே போய்விட்டான்.

விஜயநகரிலிருந்து அரக்கப்பரக்க வந்திருந்த குடோன் முதலாளி கனகா முழித்தாள்.

போன வாரம்தான் அவளுக்கும் மேஸ்திரிக்கும் மல்லுக்கட்டு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்புக் காரை குழைத்துப் பூசினால் பழைய சுவர் தேறிவிடும், அப்படியே ஹோட்டலாக்கலாம் என்று அவர் தலைபாடாக அடித்துக்கொண்டார். மார்டள்ளி கிராமத்திலிருந்து அவர் கூட்டி வந்த எட்டுப் பேருக்கு ஆறு மாத வேலை. இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"அதெல்லாம் பேடா, வேண்டவே வேண்டாம் மேஸ்திரி. உங்க காரை மைசூர் மழைக்கு நிக்குமா? இடிச்சுட்டு சிமெண்ட்ல கட்டிக்கிறேன்" என்று கறாராகச் சொல்லியிருந்தாள் கனகா.

இப்போது இடிக்கட்டுமே பார்ப்போம்!

"நாலு நாள் யோசிக்கிறேன்" என்று போய்விட்டாள்.

அந்த நாலு நாளும் மழை பிய்த்து உதறியது. ஐந்தாம் நாள் கனகாவின் போன் வந்ததும் மேஸ்திரி குடோனுக்கு ஓடினார்.

கூரை ஓட்டையிலிருந்து தண்ணீர் நேராகப் புற்றின் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தது. மஞ்சளும் குங்குமமும் போன இடம் தெரியவில்லை. கனகா ஸ்கூட்டர் சாவியால் புற்றைத் தட்டினாள். 'டங்'கென்றது.

"நாகம் எங்க மேஸ்திரி?"

"வெளிய போயிருக்குமுங்க... வந்துருமுங்க." கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மெதுவா வரட்டும். நாலு நாள் மழையும் இது தலையிலதான். ஒரு பொட்டு கரையல!" கனகா குனிந்து மோந்து பார்த்தாள். "இதுல கடுக்காய் எவ்வளவு, வெல்லம் எவ்வளவு போட்டீங்களோ, அதே அளவுல சுவத்துக்கும் போட்டு நாளைக்கே வேலைய ஆரம்பிங்க."