பல்பு எரியும் கூடு

எனக்கு முதலில் துரோகம் செய்தவன் மஞ்சமூக்கன் என்கிற மைனா. நான் தூக்கணாங்குருவி. அன்று நான் கூடு கட்டி முடித்திருந்தேன். என் பெண்சாதி உள்ளே நுழைந்து பார்த்து, சரி என்று சொல்லியிருந்தாள். அப்போதுதான் அவன் வந்தான்.

“அண்ணே, புதுசா ஓட்டல் திறக்கிறாங்க. சுவர்ல மாட்டக் கையால பின்னின கூடு வேணுமாம். இதை மாதிரிக்குக் குடுங்க. பிடிச்சுப்போனா மொத்த வேலையும் உங்களுக்குத்தான்.”

“அவ முட்டை வைக்கணுமேடா.”

“நாளைக்கே நானே கொண்டாந்து மாட்டிடறேன்.”

அவிழ்த்துக் கொடுத்தேன். அவன் திரும்பி வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு அவள் வேறொருவன் கூட்டுக்குப் போய்விட்டாள்.

ஓட்டலுக்குப் பறந்துபோய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சுவர் முழுக்க என் கூட்டைப் பார்த்துச் செய்த பிளாஸ்டிக் கூடுகள். நடுவில் என்னுடையது தொங்கியது. அதற்குள் ஒரு பல்பு எரிந்தது. மஞ்சமூக்கன் சன்னலில் உட்கார்ந்து இட்லியைக் கொத்திக்கொண்டிருந்தான்.

“என் கூட்டைக் குடுடா.”

“உள்ள லைட்டு போட்டுட்டாங்களே, அண்ணே! உங்க கைவேலையை எல்லாரும் போட்டோ எடுக்கிறாங்க. சந்தோஷப்படாம சண்டைக்கு வர்றீங்களே.”

மழை பிடித்துக்கொண்டது. நனைந்தபடி திரும்பினேன். மைனாவுக்குப் பின்னத் தெரியாது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் அவன் எனக்கு ஒரு கூடு தர வேண்டும். இன்னும் தரவில்லை.