ஒயர் வெளியே தெரியக் கூடாது

"அந்தக் கேமரா வேலை செய்யுதா?"

ஷெட்டுக்குள் காரை விட்டு இறங்கியதும் அந்த ஆள் கேட்ட முதல் கேள்வி அதுதான். சாவியைக்கூட இன்னும் நீட்டவில்லை.

"செய்யுது சார். கீறல் போட்டுட்டேன்னு யாராவது சண்டைக்கு வந்தா காட்டணுமே," என்று சிரித்தார் லாயிட். நெப்ராஸ்கா நெடுஞ்சாலை ஓரத்தில் பதினெட்டு வருஷமாகக் கார் ரேடியோ மாட்டிப் பிழைக்கிறவர். எத்தனையோ கிறுக்கர்களைப் பார்த்தாயிற்று.

வேண்டியது சாட்டிலைட் ரேடியோ. ஆன்டெனாவை டாஷ்போர்டு மேலேயே ஒட்டிவிட்டால் அரை மணியில் வேலை முடியும். அந்த ஆள் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஆன்டெனா பின்பக்கம், கூரை மேல வரணும். ஒயர் வெளியே தெரியக் கூடாது. பின்சீட்டைக் கழட்டி, கார்பெட்டுக்கு அடியிலயே முன்னால வரைக்கும் கொண்டுவாங்க."

"ஒரு ரேடியோ கேக்கறதுக்கு இவ்வளவு சடங்கா சார்? அப்படி என்னதான் கேப்பீங்க? பாட்டா, ஃபுட்பாலா?"

"ஏதோ ஒண்ணு."

சுள்ளென்று வந்தது பதில். சரிதான், வாயைக் கொடுக்காமல் வேலையைப் பார்ப்போம் என்று லாயிட் குனிந்துகொண்டார்.

நவம்பர் குளிர் ஷெட்டுக்குள்ளும் இருந்தது. காபி எடுக்கப் போன அந்த ஆள், மெஷினுக்கு மேலே ஒட்டியிருந்த நோட்டீஸைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாதிக் கோப்பையோடு திரும்பி வந்து காருக்குப் பக்கத்திலேயே நின்றார். ஒரு வாய் குடித்ததாகத் தெரியவில்லை.

கூரையில் ஆன்டெனாவை ஒட்டி, பின் கண்ணாடி ரப்பருக்குள் ஒயரைச் செருகி, டிக்கி வழியாக இறக்கினார் லாயிட். பின்சீட்டைத் தூக்கி எடுத்துவிட்டு, கதவோரம் கார்பெட்டை உரித்துக் கையை விட்டார். விரலில் என்னவோ உருண்டது.

ஊதா மணி. இழுத்தால் அறுந்த நூலில் இன்னும் ஏழெட்டு மணிகள், அவற்றைச் சுற்றி நீளமாகத் தலைமுடி. கார்பெட்டின் அடிப்பக்கம் காய்ந்துபோன கறுப்புக் கறை.

லாயிடுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த நோட்டீஸ்! மே மாதத்திலிருந்து தினமும் காபியோடு பார்க்கிற நோட்டீஸ். 'காணவில்லை. டெஸ்ஸா, வயது 19. இடது கையில் தானே கோத்த ஊதா மணி வளையல்.' பக்கத்து மாவட்டத்துப் பெண். ஆறு மாதமாகியும் ஒரு தகவலும் இல்லையே, கிழித்துவிட்டுத் தள்ளுபடி விளம்பரம் ஒட்டலாமா என்று போன வாரம்தான் யோசித்தார். அதை நினைக்க அவருக்கே வெட்கமாக இருந்தது.

"ஏன் நிறுத்திட்டீங்க?" தலைக்கு மேலே குரல் கேட்டது. "ஏதாவது அகப்பட்டுதா?"

"இ... இல்ல சார். ஃபியூஸ் ஒண்ணு வேணும். உள்ளே போய் எடுத்துட்டு வந்துடறேன்."

மணிகளை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். போனில் 911 அழுத்தி, வளையல் அகப்பட்டதைப் போலீஸுக்குக் கிசுகிசுவென்று சொன்னார். அடப் படுபாவி, அந்தக் குழந்தையை என்ன செய்தாய், எங்கே போட்டாய்? ஓடிவிட்டான் என்றால் இந்த ஜன்மத்தில் தெரியப் போவதில்லை. போலீஸ் வரும்வரை இவனைப் பிடித்து வைத்தாக வேண்டும்.

திரும்பி வந்தபோது அந்த ஆள் அதே இடத்தில்தான் நின்றார். கழற்றிய சீட்டைப் பார்த்தபடி இரண்டு கையையும் பையில் விட்டிருந்தார். பைக்குள் என்ன இருக்கிறதோ என்று லாயிட் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்.

"சிக்னல் சரியா வரல சார். சாட்டிலைட் தெக்குப் பக்கம், இந்தத் தகரக் கூரை வேற மறைக்குது. கொஞ்சம் பொறுங்க, பாத்துடலாம்."

"அவசரமே இல்ல. நிதானமாப் பாருங்க. அந்தப் பக்கக் கார்பெட்டையும் தூக்கிடுங்களேன்."

என்ன நெஞ்சழுத்தம்! ஸ்க்ரூடிரைவரை இறுகப் பிடித்துக்கொண்டு, பன்னிரண்டு நிமிஷம் ஒரே ஸ்க்ரூவை முடுக்குவதும் கழற்றுவதுமாக இருந்தார் லாயிட்.

வாசலில் கார் வந்து நின்றது. போலீஸ் டெபுடி ஹோல்ட் துப்பாக்கியை நீட்டியபடி உள்ளே வந்தார். "கையைத் தூக்குய்யா! அசையாதே!"

அந்த ஆள் திடுக்கிடவே இல்லை. மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"வளையல் இருக்குதா?" என்று லாயிடைப் பார்த்துக் கேட்டார்.

வளையல் என்று லாயிட் இன்னும் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை, போனில் தவிர. ஆமென்று தலையை ஆட்டினார்.

"சட்டைப் பையில காகிதம் இருக்கு, எடுத்துக்குங்க டெபுடி. இந்தக் காரை நான் பழைய கார் கடையில வாங்கி நாலு நாள்தான் ஆச்சு. அதுக்கு முந்தி யார் பேர்ல இருந்ததுன்னு பாருங்க. உங்க ஆளுங்க ஒரு மத்தியானம் விசாரிச்சுட்டு வீட்டுக்கு அனுப்பினாங்களே, அவன்."

ஹோல்ட் காகிதத்தைப் படித்தார். இரண்டாம் தடவை படிக்கும்போது அவர் முகம் மாறியது. துப்பாக்கியைத் தாழ்த்தினார்.

"இவ்வளவு சந்தேகம் இருந்தா நீங்களே கார்பெட்டைத் தூக்கிப் பாத்திருக்கலாமே? எதுக்கு ரேடியோ மாட்டற கடைக்குக் கொண்டுவந்தீங்க?"

அந்த ஆள் அப்போதுதான் காருக்குள் எட்டிப் பார்த்தார். அப்படியே சிமென்ட் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் எடுத்துக் குடுத்திருந்தா, பெத்த அப்பனே கொண்டுவந்து போட்டான்னு சொல்லியிருப்பீங்களே."