ஆட்காட்டிக்கு விழுந்த நிழல்

ஏரிக்கரைப் பொட்டலில் நாய் வந்தாலும் கண்ணி வைக்கிறவன் வந்தாலும் முதலில் கத்துவது ஆட்காட்டிக் குருவிதான். கேட்டுத் தப்பித்த ஒருத்தரும் அதற்கு நன்றி சொன்னதில்லை. தூக்கம் கெட்டுப்போச்சு என்று திட்டியதுண்டு.

கோடையில் ஏரித் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கிவிட்டது. வெறுந்தரையில் கிடந்த முட்டைகள் வெந்துபோகாமலிருக்க, ஆட்காட்டி ஓயாமல் பறந்து போய் நெஞ்சை நனைத்து வந்து அவற்றைக் குளிரவைத்தது. கத்த நேரமில்லை. ஒரு மத்தியானம் நாயின் மூக்கு வாலில் பட்ட பிறகுதான் முயலுக்கு அது வந்த விஷயமே தெரிந்தது.

தப்பிப் பிழைத்த முயல் நேரே எருமையிடம் ஓடியது. "அக்கா, ஆட்காட்டி முட்டைக்குக் கொஞ்சம் நிழலா வந்து நில்லேன், அவ மறுபடி கத்தட்டும். உனக்கு நாய்னா பயமில்லதான், ஆனாலும்..."

"பயமில்லடா. ஆனா அவ சத்தம் கேக்காம எனக்கு அசைபோடவே பிடிக்கல," என்று எருமை எழுந்து வந்தது.

அதன் நிழல் முட்டைகள்மேல் விழுந்தது. நனைந்த நெஞ்சோடு திரும்பிய ஆட்காட்டி தொண்டை கிழியக் கத்தியது: "எருமை! முட்டைகிட்ட எருமை! மிதிச்சிடும், ஜாக்கிரதை!"

"பாத்தியா, உதவிக்கு வந்த உன்னையே பாத்துக் கத்துறா!" என்றது முயல்.

"மிதிக்கிற காலுதானே. சரியாத்தான் சொல்றா," என்ற எருமை, கால் அசையாமல் நின்று, நிம்மதியாக அசைபோடத் தொடங்கியது.