முன்னாலேயே வெட்டிய குழி

"குதிரை இன்னும் நின்னுக்கிட்டிருக்கு. அதுக்குள்ள குழியாக்கா?"

தம்பி பைக்குக்கு ஸ்டாண்டுகூடப் போடவில்லை. சுவரில் சாய்த்துவிட்டு வந்தான். அக்காவின் குதிரைச் சவாரிப் பள்ளியின் பின்பக்கம், வேலியோரத்தில், மண் தோண்டும் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஈரமண் குவிந்து கிடந்தது.

அக்கா திரும்பவில்லை. குதிரையின் பிடரியைச் சீவிக்கொண்டிருந்தாள்.

குதிரைக்கு மேனேஜர் என்று பெயர். யார் என்ன வேலை செய்தாலும் பக்கத்தில் போய் நின்று மேற்பார்வை பார்க்கும். அதனால் வந்த பெயர். வயது இருபத்தெட்டு. முன்னங்கால் குளம்புகள் இரண்டும் கெட்டுப்போய்விட்டன. இந்த வாரத்தில் மட்டும் இரண்டு தடவை லாயத்தில் விழுந்தது. ஆறு பேர் சேர்ந்து எழுப்பி நிறுத்தினார்கள்.

"இன்னொரு தடவை விழுந்தா எழுப்ப முடியாதும்மா. வலியிலேயே கிடந்து போகும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். பதினோரு மணிக்கு, அது வலியில்லாமல் கண்ணை மூட, ஊசி போட வருகிறார்.

"ஊசி போடறதை நான் வேணாம்னு சொல்லல. அது கண்ணு முன்னாடியே குழியை வெட்டி, அங்கேயே கூட்டிட்டுப் போய் நிறுத்தறதுக்கு உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"மெதுவாப் பேசுடா. அதுக்குக் குழின்னா என்னன்னு தெரியாது. நீ கத்தறதுதான் தெரியும்."

தம்பிக்குக் கோபம் வந்தால் கேள்வி மேல் கேள்வியாக வரும். பதில் கேட்கிற பழக்கம் மட்டும் கிடையாது.

"மெஷின்காரருக்கு அடுத்த வேலைக்குப் போகணுமா? சாயங்காலம் வரச் சொன்னா மாட்டேன்னுடுவாரா?"

"நான்தான் காலையிலேயே வரச் சொன்னேன்."

"அதானே பார்த்தேன்! மூணு மணிக்குப் பிள்ளைங்க கிளாஸுக்கு வந்துடும். அதுக்குள்ள மூடி, மண்ணைத் தட்டிட்டா உன் வேலை முடிஞ்சுது."

அக்காவின் கை ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடியும் சீவத் தொடங்கியது.

"என் செவலைக்கு எவ்வளவு மரியாதையாப் பண்ணினே! உன் குதிரைக்கு மட்டும் என்னக்கா அவசரம்?"

செவலை, தம்பியின் பெண்குதிரை. நாலு வருஷத்துக்கு முன்னால், அவன் வெளியூரில் வேலையாக இருந்தபோது, லாயத்திலேயே செத்துப்போனது. 'தூக்கத்துலயே போயிடுச்சுடா. நல்லபடியா அடக்கம் பண்ணிட்டேன்' என்று அக்கா போனில் சொன்னாள். அதை இன்றைக்கும் அவன் கூட்டாளிகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

"அது தானாக் கண்ணை மூடிச்சு. அதுக்கப்புறம்தான் குழி வெட்டினே. அதுதான் முறை. இது கொலை."

அக்கா சீப்பைக் கீழே வைத்தாள்.

"கூட நடந்து வர்றியாடா? உன் குரலைக் கேட்டா அது நடக்கும். நான் ஒருத்தியாக் கூப்பிட்டா பாதியிலே நின்னுடுமோன்னு பயமா இருக்கு."

"இந்தப் பாவத்துல எனக்குப் பங்கு வேணாம். இன்னையோட இந்த வாசலை மிதிக்க மாட்டேன்."

அவ்வளவுதான். அக்கா கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.

மேனேஜர் ஓர் அடி வைத்தது. நின்று மூச்சு வாங்கியது. இன்னோர் அடி வைத்தது. கிணற்றுக்குப் பக்கத்தில் புதைக்கக் கூடாது என்பதால் குழி இருநூறு அடி தள்ளி இருந்தது. வழி முழுக்கச் சரளைக்கல். அக்கா அவசரப்படுத்தவில்லை. அது நின்றபோதெல்லாம் அவளும் நின்றாள். அதன் காதோரம் குனிந்து ஏதோ பேசினாள். அழுதுகொண்டேதான் பேசினாள்.

மெஷின்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு, குதிரை மிரளக் கூடாதே என்று வாசல் பக்கம் ஒதுங்கி வந்திருந்தார். தம்பி பைக் சாவியைக் கையில் எடுத்தபடி அவரிடம் வந்தான்.

"பாத்தீங்களாண்ணே? நடக்க முடியாததை நடக்க வெச்சு, அதோட குழிக்கு அதையே கூட்டிட்டுப் போறா. கல்நெஞ்சு."

மெஷின்காரர் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டார்.

"செத்த குதிரையைக் குழிக்கு எப்படிக் கொண்டுபோவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தூக்கிட்டுத்தான்."

"அரை டன் கனம் தம்பி. யாரால தூக்க முடியும்? பின்னங்கால்ல சங்கிலியைப் போட்டு, மெஷின்ல மாட்டி இழுக்கணும். இந்த வழிக்கு வேற எதுவும் ஆகாது. அதனாலதான் குழியை முதல்லயே வெட்டச் சொன்னாங்க. ஊசி போட்டதும் குழி ஓரத்துலயே சாஞ்சுதுன்னா மெதுவா உள்ளே இறக்கிடலாம். இழுக்கவே வேண்டாம்."

தம்பி சரளை வழியைப் பார்த்தான். அக்காவும் குதிரையும் இன்னும் பாதி தூரம்கூடப் போகவில்லை.

"அப்போ செவலையை?"

"நான்தான் இழுத்தேன். உங்ககிட்ட மூச்சுவிடக் கூடாதுன்னு உங்க அக்கா சொல்லி வெச்சிருக்காங்க. நாலு வருஷமாச் சொல்லல. இன்னைக்கு நீங்க பேசினதைக் கேட்டப்புறம் முடியல."

தம்பி சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அக்கா போன திசையில் திரும்பினான். மெஷின்காரர் அவன் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இதையும் கேட்டுட்டுப் போங்க. நான் இழுக்க இழுக்க, செவலை தலைக்கடியில ஒரு சாக்கைக் கொடுத்து, ரெண்டு கையாலயும் தாங்கிக்கிட்டு, குழி வரைக்கும் குனிஞ்சபடியே வந்தாங்க. 'மெதுவாண்ணே, தலை கல்லுல இடிக்கக் கூடாது, இது என் தம்பி குதிரை'ன்னு சொல்லிக்கிட்டே வந்தாங்க."