ஏழு பேட்ஜ்

“வணக்கம் சார், சௌக்கியமா இருக்கீங்களா? இடுப்பு வலி தேவலையா? சொல்லுங்க சார்… சின்னதாத் தெரியுதா?”

காலையிலிருந்து இது மூன்றாவது போன். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவள் பேசிக்கொண்டிருந்தாள். மேஜைக்கு அடியில் அவள் புருஷன், எலெக்ட்ரீஷியன், சார்ஜர் பிளக்கைச் சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கையை எடுத்தால் லேப்டாப் அணைந்துவிடும்.

“ஊருக்கெல்லாம் ஒயரிங் பண்றீங்க, நம்ம வீட்டுல ஒரு பிளக் நிக்க மாட்டேங்குது” என்று காலையிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று. அதனால் வாயைத் திறக்காமல் காதை மட்டும் திறந்து வைத்திருந்தான்.

“சரிங்க சார். ஃபைலை மறுபடி அனுப்புறேன், இப்பப் பாருங்க” என்றாள் அவள்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் ஏழு கல்லூரிகள். வெப்சைட்டில் மாணவர், ஆசிரியர், அலுவலக ஊழியர் என்று ஒவ்வொருவர் போட்டோவுக்குப் பக்கத்திலும் அவரவர் கல்லூரி பேட்ஜ் இருக்கும். இதுவரை ஒன்று சதுரம், ஒன்று நட்சத்திரம், ஒன்றில் சிங்கம், அந்தச் சிங்கத்துக்கு மீசை. பார்த்தால் ஏழும் ஏழு ஊர்க் கடை போர்டு மாதிரி இருந்தன. எல்லாவற்றையும் ஒரே வட்டம், ஒரே எழுத்து, ஒரே அளவு என்று மாற்றுவதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. நிறமும் சின்னமும் மட்டும் கல்லூரிக்குக் கல்லூரி வேறு.

நாலு மணிக்கு ஆன்லைன் கூட்டம். ஏழு பிரின்சிபால்களும் தலையாட்டினால் ஒப்பந்த வேலை நிரந்தர வேலையாகும். ஒருத்தர் முகம் சுளித்தாலும் வேலை வெளிக் கம்பெனிக்குப் போய்விடும்.

மறுபடி போன். இந்த முறை சட்டக் கல்லூரி.

“மஞ்சள் வட்டம் ஊதினாப்ல தெரியுது, எங்க கருநீலம் ஒடுங்கிக் கிடக்குதுங்கிறீங்களா? புரியுது சார். மறுபடி அனுப்புறேன், பாருங்க.”

ஐந்து நிமிஷம் கழித்து அதே பிரின்சிபாலின் குரல் ஸ்பீக்கரில் கணீரென்று கேட்டது. “ஆங், இப்பதாம்மா எடுப்பா இருக்கு.”

பிறகு மருத்துவம், கலை, கடைசியில் ஒரு மேடம். “அப்படிங்களா மேடம்… அப்படியெல்லாம் நினைக்காதீங்க. மறுபடி அனுப்புறேன், பாருங்க.”

அவனுக்குப் பொறுக்கவில்லை. “ஏம்மா டிசைனரம்மா, உனக்கு முதுகெலும்பை ரப்பர்ல வச்சாங்களா? கேக்குறவங்களுக்கெல்லாம் சரி சரிங்குற. வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் என் பொண்டாட்டி மயிரிழை பிசக மாட்டான்னு பீத்தி வச்சிருக்கேன்.”

“நீங்க பிளக்கைப் பிசகாமப் பிடிங்க, போதும்.”

மணி நாலு. ஸ்கிரீனில் ஏழு பிரின்சிபால் முகங்களும் நடுவில் பதிவாளர் முகமும் வந்தன. அந்த மேடத்தைத் தவிர ஒவ்வொருவரும் தன் பேட்ஜைப் பார்த்துக்கொண்டு, பந்தியில் தனக்கு மட்டும் ரெண்டு கரண்டி கூட விழுந்தவர் மாதிரி கமுக்கமாகச் சிரித்தார்கள். பொறியியல் கல்லூரிக்காரர் மற்ற ஆறு பேட்ஜையும் தாராளமாகப் பாராட்டினார். “எல்லாமே நல்லாத்தான் இருக்கு, பாவம்” என்றார்.

பதிவாளர் கண்ணாடியைச் சரி செய்தார். “நான் ஏழையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு அளந்து பார்த்துட்டேன். ஏழும் ஒரே அளவு. முதல் நாள் எனக்கு வந்த ஃபைலுக்கும் இதுக்கும் ஒரு புள்ளிகூட வித்தியாசமில்ல. யாருக்காவது ஆட்சேபணை உண்டா?”

மேஜைக்கு அடியில் அவன் கை தளர்ந்தது. நல்லவேளை, பிளக் நழுவவில்லை.

சட்டக் கல்லூரிக்காரர் வாயைத் திறந்தார். ஆட்சேபணை சொன்னால் ரகசியமாகப் பெரிதாக்கச் சொன்னதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திறந்த வாய்க்குள் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். இடுப்பு வலிக்காரர் நாற்காலியில் நெளிந்தார்.

“எனக்கு எப்பவுமே சமத்துவம்தான் முக்கியம்” என்றார் பொறியியல்.

“எனக்கும்” என்றார் மருத்துவம், முந்திக்கொண்டு.

“அப்ப ஏகமனதா முடிஞ்சுது. அம்மா, நாளைக்கு வந்து நிரந்தர ஆர்டரை வாங்கிக்குங்க” என்றார் பதிவாளர்.

கூட்டம் முடிந்ததும் அவன் மேஜைக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தான். முட்டி இரண்டும் விறைத்துப் போயிருந்தன. முகம் மட்டும் நெய் விளக்காய் ஜொலித்தது.

“அடிப்பாவி. ஏழு பேர் பெருசாக்கச் சொல்லியும் நீ அசையவே இல்லையா? எல்லாருக்கும் அதே ஃபைலையா திருப்பித் திருப்பி அனுப்பின?”

“ஏழு பேர் இல்லீங்க. ஆறு பேர்தான் பெருசாக்கச் சொன்னாங்க” என்றாள் அவள். “கடைசியாப் பேசின அந்த மேடம் சின்னதாக்கச் சொன்னாங்க.”

“சின்னதாவா? யாராவது அப்படிக் கேப்பாங்களா?”

“கேட்டாங்களே. ‘எங்க பிள்ளைங்க பகல்ல மூட்டை தூக்கி, வண்டி ஓட்டி, சாயங்காலம் வந்து படிக்கிறவங்கம்மா. பெரிய காலேஜுங்க பக்கத்துல அதே அளவுல நின்னா யாராவது ஏதாவது சொல்வாங்க, கொஞ்சம் ஒதுங்கினாப்ல போட்டுடு’ன்னாங்க. அவங்களுக்கும் அதே ஃபைல்தான் அனுப்பினேன்.”

அவள் லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள்.

மாலைக் கல்லூரியின் பச்சை வட்டம், மற்ற ஆறுக்கும் ஒரு புள்ளி குறையாமல் நின்றது. அதன் பக்கத்தில், சட்டைப் பையில் டெஸ்டர் செருகிய அவன் போட்டோவுக்குக் கீழே, ‘இரண்டாம் ஆண்டு மாணவர்’ என்று எழுதியிருந்தது.